படம் எடுப்பதா, கதிர் கொடுப்பதா?

இரண்டையும் தனித்தனிப் பட்டமாக நடத்தும் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் இவை பெரும்பாலும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும்: நோயறி ரேடியோகிராபி, சிகிச்சை ரேடியோகிராபி. முதலாவது எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ என்று படம் எடுக்கிற படிப்பு. இரண்டாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற படிப்பு. பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். நான் முதலாவதைப் படித்தேன். ஆறு வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைப் பிரிவில் நான் இருந்தது மொத்தம் மூன்று வாரம், அதுவும் விண்ணப்பதாரனாகவும் மாணவனாகவும் ஓரமாக நின்று பார்த்தது. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் அங்கே வேலை செய்யும் நண்பர்கள் சொல்லக் கேட்டது.

முதல் முறை விண்ணப்பித்தபோது இந்த ஒப்பீட்டை நான் செய்யவே இல்லை. நோயாளிகளுக்கு உதவ ஆசை, அறிவியலில் ஆர்வம், நவீனக் கருவிகள் மீது ஈடுபாடு என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். நேர்முகத்தேர்வில் அதைப் புரட்டிப் பார்த்த அம்மையார், “நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சிகிச்சைப் பிரிவுக்கும் அப்படியே பொருந்துகிறதே, ஏன் அங்கே விண்ணப்பிக்கவில்லை?” என்று கேட்டார். வாயில் வார்த்தை வரவில்லை. இடமும் கிடைக்கவில்லை. சில மாதம் அந்த அம்மையார் மீது கோபமாக இருந்தேன். பிறகுதான் கேள்வியின் நியாயம் உறைத்தது.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் குழப்பம் இயல்பு. ஜெர்மன் இயற்பியலாளர் ரோண்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ்ரே கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே ஒரு பக்கம் உடைந்த எலும்பைப் படம் பிடித்தார்கள், இன்னொரு பக்கம் அதே கதிரால் நோயைக் குணப்படுத்த முடியுமா என்று முயன்றார்கள். இன்றும் கதிர் ஒன்றுதான், வலிமைதான் வேறு. படம் எடுக்கும்போது கதிரை உண்டாக்கும் குழாய்க்கு ஏறக்குறைய 50 முதல் 120 கிலோவோல்ட் போதும். சிகிச்சை இயந்திரம் 6 மெகாவோல்ட், 10 மெகாவோல்ட் என்ற கணக்கில் ஓடுகிறது. குறைந்த வலிமையில் எலும்பு கதிரை அதிகமாக விழுங்கிக்கொள்வதால்தான் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறது. மெகாவோல்ட் கதிருக்கு எலும்பும் சதையும் ஏறக்குறைய ஒன்றுதான். படம் மங்கிப்போகும், ஆனால் உடலின் ஆழம் வரை போய்ச் சேரும். சிகிச்சைப் படிப்பில் இயற்பியல் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது கதிர்வீச்சு ஆபத்தைப் பற்றி. இதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஊழியர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு உடலுக்குத் தரும் பாதிப்பை அளக்கும் அலகு). ஒழுங்காக நடக்கும் துறையில் நாங்கள் அதன் அருகில்கூடப் போவதில்லை. நாங்கள் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறோம்; அவர்கள் தடித்த கான்கிரீட் அறைக்கு வெளியே நிற்கிறார்கள். எம்ஆர்ஐயில் இந்தக் கதிரே கிடையாது, ஆனால் அந்தக் காந்தம் எப்போதும் விழித்தே இருக்கும் என்பதை மறந்து இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அடுத்த கேள்வி வேலை நேரம். இதில் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் வெற்றி. பெரும்பாலும் வார நாள், பகல் நேரம். எங்களுக்கு இரவுப் பணி உண்டு, விடுமுறை நாளிலும் அழைப்பு உண்டு. குடும்பம், தூக்கம் இவற்றை முதலில் வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு அங்கே விண்ணப்பித்துவிடலாம், தப்பே இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. தினமும் புதிதாக ஒரு வழி கண்டுபிடிப்பதில் உங்களுக்குச் சந்தோஷமா, அல்லது ஒரே காரியத்தை இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்வதிலா?

சிகிச்சைப் பிரிவில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். தொண்டைப் புற்றுநோய்க்கு வந்தவர். வெந்நீரில் மிருதுவாக்கிய ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தின் மீது இழுத்துப் படியவைத்தார்கள். சில நிமிடங்களில் அது இறுகி அவருடைய முகமாகவே மாறிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே முகமூடி, அதே மேசை, சுவரிலிருந்து வரும் அதே லேசர் கோடுகள். கோடும் குறியும் பொருந்தியபின் இயந்திரத்திலேயே ஒரு ஸ்கேன், திட்டமிட்ட படத்தோடு ஒப்பீடு, மேசையை 2 மில்லிமீட்டர் நகர்த்துதல். இருவர் சேர்ந்து சரிபார்த்தபின் வெளியே வந்து கதவை அடைத்தார்கள். இப்படி 7 வாரம், 35 தடவை, மொத்தம் 70 கிரே (உடல் உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு). இந்த வகை நோய்க்கு இது வழக்கமான அளவு. முப்பத்தைந்தாவது நாளும் முதல் நாளைப் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் பெருமை. நோயாளி இளைத்து முகமூடி தளர்ந்துவிட்டால் முதலில் கவனிப்பது இவர்கள்தான். அந்த நிதானம் ஒரு பெரிய திறமை. எனக்கு அது இல்லை. மூன்றாவது நாளே என் கண் கடிகாரத்தைத் தேடியது.

எங்கள் அறையில் கதை வேறு. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிலை உண்டு: நெஞ்சுப் படமா, நோயாளி நிற்க வேண்டும், நெஞ்சு படம் பதியும் கருவியோடு ஒட்டியிருக்க வேண்டும், குழாய் 180 சென்டிமீட்டர் தள்ளிப் பின்னால், மூச்சை இழுத்து நிறுத்த வேண்டும். இதயம் கருவிக்கு அருகில் இருந்தால்தான் அதன் அளவு படத்தில் ஊதித் தெரியாது. வருகிறவர்களோ புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை. ஒருவரால் நிற்க முடியாது. இன்னொருவருக்கு முதுகு வளைந்து மோவாய் நெஞ்சில் இடிக்கும், அந்த மோவாய் நுரையீரல் நுனியை மறைக்கும். கழுத்தில் அடிபட்டவரைப் பக்கவாட்டில் எடுக்கப் போனால் தோள்கள் கடைசி முள்ளெலும்பை மறைத்துக்கொண்டு நிற்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு மூச்சை நிறுத்து என்றால் புரியாது; அழுகைக்கு நடுவே அது காற்றை உள்ளிழுக்கும் அந்தக் கணத்துக்காகப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் ஒரு புதுக் கணக்கு. நோயாளியைத் திருப்ப முடியாவிட்டால் குழாயைத் திருப்பு, குழாயும் போகாவிட்டால் கோணத்தை மாற்று. கையில் இருப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான். மறுபடி எடுக்கலாம் என்றால் மறுபடி கதிர்வீச்சு, ஆகவே முதல் தடவையே சரியாக வரவேண்டும். படம் திரையில் விழும் அந்த ஒரு நொடி, விளிம்பு தெளிவாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது வரும் திருப்தி ஆறு வருடத்தில் எனக்கு ஒரு நாளும் அலுக்கவில்லை. இடது, வலது குறி சரியாக வைத்திருக்கிறோமா என்ற பயமும் கூடவே வரும். அது போகக் கூடாத பயம்.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்கப் போவதில்லை. எங்களுக்குக் கதையின் முடிவு தெரியாது. காலையில் வந்த முப்பது பேரில் ஒருவர்கூட அடுத்த வாரம் எப்படி இருக்கிறார் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. சிகிச்சைப் பிரிவு நண்பர்களுக்கு நோயாளியின் பேரன் பெயர் வரை தெரியும். கடைசி நாள் கைகுலுக்கிப் போகிறவர்களும் உண்டு, நடுவில் வராமலே போகிறவர்களும் உண்டு. எங்களுக்கு வாய்ப்பது இன்னொரு வகைக் கனம். சிடி அறையில் ஒருவருக்கு, படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ஏற்றுவதற்கு முன் “உடம்பு சூடாகும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும், போயிருக்காது, பயப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறேன். திரையில் கல்லீரல் முழுக்கக் கட்டிகள். உள்ளே போய் ஊசியை எடுக்கும்போது அவர் கேட்கிறார்: “எல்லாம் நல்லபடியாக வந்ததா, தம்பி?” அறிக்கை எழுதுவது கதிரியல் மருத்துவர், சொல்வது அவரை அனுப்பிய மருத்துவர். “படம் நன்றாக வந்திருக்கிறது, ஐயா” என்கிறேன். அது உண்மைதான். முகத்தை மட்டும் அந்தப் பத்து வினாடி எங்கே வைத்துக்கொள்வது என்று எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பின்னாளில் கிளை பிரிய வாய்ப்பும் எங்கள் பக்கம் அதிகம் என்று நினைக்கிறேன்: சிடி, எம்ஆர்ஐ, மார்பகப் படம், ரத்தக்குழாய்ப் பிரிவு, மேற்படிப்போடு அல்ட்ராசவுண்ட். சிகிச்சைப் பக்கத்திலும் திட்டமிடுதல், ஆராய்ச்சி என்று வழிகள் இருக்கின்றன. உள்ளிருந்து பார்க்காத எனக்கு அவற்றைக் குறைத்துப் பேச உரிமை இல்லை. கணினியே படத்தைப் படித்துவிடுமே, வேலை இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அழுகிற குழந்தையின் முழங்கையை நேராக வைக்கும் மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

விண்ணப்பத்துக்கு வருவோம். ஒரே கடிதத்தை இரண்டு படிப்புக்கும் அனுப்பாதீர்கள். எழுதி முடித்தபின் ‘நோயறி’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘சிகிச்சை’ என்று போட்டுப் பாருங்கள். ஒரு வரிகூட இடறவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். மருத்துவப் படிப்பு கிடைக்காததால் இங்கே வருகிறேன் என்ற வாடை அடித்தால் அதையும் கிழித்துப் போடுங்கள். கேட்பவர்கள் மூக்குக்கு அது உடனே எட்டிவிடும். கதிரியல் மருத்துவரையும் ரேடியோகிராபரையும் ஒன்றாக்கி எழுதினால் இன்னும் மோசம். எழுதுவதற்கு முன் இரண்டு பிரிவிலும் ஒவ்வொரு நாளாவது நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பார்கள், இன்னொரு இடத்தில் கேளுங்கள். அந்த ஒரு நாள் நூறு விளக்கக் கையேடுகளுக்குச் சமம். கருவியைப் பார்க்காமல் கருவிக்கு முன்னால் நிற்கும் கைகளைப் பாருங்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கையில் கட்டடத்தின் பளபளப்பில் மயங்காமல் இரண்டு விஷயம் விசாரியுங்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டின் பதிவு அமைப்பு இந்தப் பட்டத்தை ஏற்கிறதா? மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம், எந்தெந்தப் பிரிவில்? சிடி அறையில் சில நாள் எட்டிப்பார்த்துவிட்டு வெளியே வரும் மாணவனுக்கும் அங்கே மாதக்கணக்கில் கைநனைத்தவனுக்கும் முதல் வேலையில் தெரியும் வித்தியாசம் கொஞ்சமல்ல.

அடுத்த ஆண்டு நான் மறுபடி விண்ணப்பித்தேன். அதற்குள் இரண்டு பிரிவிலும் நாள் கணக்கில் நின்றிருந்தேன். வேறு பல்கலைக்கழகம், வேறு முகங்கள், அதே கேள்வி: ஏன் சிகிச்சைப் பிரிவு இல்லை? இடுப்பெலும்பு உடைந்து வந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னேன். பக்கவாட்டுப் படம் வேண்டும், ஆனால் அவரைப் புரட்டினால் வலியில் துடிக்கிறார். எடுத்தவர் அவரை அசைக்கவே இல்லை. ஒரு காலை மட்டும் உயர்த்தித் தாங்கியில் வைத்துவிட்டு, குழாயைக் கிடைமட்டமாகச் சாய்த்து, அந்த இடைவெளி வழியாகக் கதிரை அனுப்பினார். பாட்டிக்குப் படம் எடுத்ததே தெரியவில்லை. அன்றுதான் முடிவு செய்தேன் என்றேன்.

எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். “எந்தக் காலை உயர்த்தினார்?”

“உடையாத காலை. அது கதிரின் வழியை மறைக்கும்.”

“அப்படியானால் படம் பதியும் கருவியை எங்கே வைத்தார்?”

அதை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. தெரியாது என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து, படுத்திருக்கும் ஓர் உருவத்தை வரைந்து, என் பக்கம் தள்ளினார்.