காப்பர் டியா, அந்தரா ஊசியா? கணவர் லீவுக்கு மட்டும் வரும் வீடுகளுக்கு எது சரி?

இரண்டும் கருத்தடை முறைகள்: காப்பர் டி கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனம், அந்தரா 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. முதல் பிள்ளைக்குப் பிறகு நான் போட்டுக்கொண்டது காப்பர் டி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். நர்சிங் படிக்கிற தங்கச்சிமார் அதை மனதில் வைத்தே வாசியுங்கள்.

இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டும் தாய்ப்பாலைக் கெடுக்காது. பால்வினை நோயை இரண்டுமே தடுக்காது, அதற்கு ஆணுறைதான். இதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு: நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் கரு தங்கும்? குளச்சல், கருங்கல் பக்கம் கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நிறைய. அவர் வருவதே ஒன்றிரண்டு மாத லீவில். அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் அதற்குள்தான் ஆக வேண்டும். காப்பர் டியை எடுத்தால் அந்த மாதமே கரு தங்கலாம். அந்தரா அப்படியல்ல. 150 மில்லிகிராம் ஹார்மோன் தசையில் தங்கி மெல்லக் கரைந்து, கருமுட்டை வெளிவராமல் நிறுத்தி வைக்கிறது. ஊசியை நிறுத்தினாலும், கடைசியாகப் போட்ட நாளிலிருந்து கரு தங்கப் பொதுவாக 7 முதல் 10 மாதம் ஆகிவிடும். அதற்குள் லீவு முடிந்து அவர் விமானம் ஏறியிருப்பார். 'மலடாகிவிட்டேனோ' என்று அழுகிறவர்கள் உண்டு. மலடு இல்லை, தாமதம்தான். ஆனால் அதை முதல் ஊசிக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், "அவரு இங்க இல்லியே சிஸ்டர், இப்ப எதுக்கு ஊசி?" என்று தவணையை விட்டுவிடுவார்கள். 3 மாதத் தவணையில் 4 வாரம் வரைதான் தாமதிக்கலாம். காப்பர் டிக்கு அந்தத் தவணைக் கணக்கே கிடையாது: 380ஏ என்ற வகை 10 ஆண்டுக்கும், 375 என்ற வகை 5 ஆண்டுக்கும் வேலை செய்யும். பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் போடலாம், விட்டால் 6 வாரம் கழித்து.

தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் சில மாதம் எனக்கு உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடுதலாக இருந்தன, பிறகு அடங்கின. காப்பர் டியின் முனையிலிருந்து கருப்பை வாய்க்கு வெளியே ஒரு நூல் தொங்கும். "நூல் குத்துமா?" என்று எல்லாரும் கேட்பார்கள். கடற்கரைப் பெண்களிடம் தூண்டில் தங்கூசி (நைலான் இழை) போல மெல்லிசு என்று சொன்னால் போதும், முகம் தெளிந்துவிடும். மாதவிலக்கு முடிந்ததும் கையைக் கழுவி, விரலால் நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூல் தட்டுப்படாவிட்டால் உடனே வரட்டும், இழுத்துப் பார்க்க வேண்டாம்.

ஊசியை நான் போட்டுக்கொண்டதில்லை, பக்கத்திலிருந்து பார்த்ததுதான். இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஊசியே மேல் என்று நினைக்கிறேன், உதிரப்போக்கு பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. உள்பரிசோதனைக்குக் கூசுகிறவர்களுக்கும், மாமியாருக்குத் தெரிய வேண்டாம் என்பவர்களுக்கும் அதுதான் வசதி. அவர்களுக்கு ஊசி போட்டதும் அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க விடாதீர்கள், தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்துவிடும்.