ஹைப்போவா, ஹைப்பரா?

கிரேக்கத்திலிருந்து வந்த இந்த இரு முன்னொட்டுகளும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், பொருளோ நேரெதிர். ஹைப்போ என்றால் கீழே, குறைவு. ஹைப்பர் என்றால் மேலே, மிகுதி. மருத்துவப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தொலைபேசியில் சொல்லும்போது பெயரோடு அளவையும் கட்டாயம் சொல்லுங்கள்.

ரத்தச் சர்க்கரையில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் ஹைப்போகிளைசீமியா. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். உடனே 15 கிராம் சர்க்கரையை (சுமார் மூன்று டீஸ்பூன்) தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஹைப்பர்கிளைசீமியா பெரும்பாலும் மெல்லத்தான் ஏறும்: தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு. அங்கே சர்க்கரைத் தண்ணீர் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

தைராய்டில் சிக்கல் வேறு மாதிரி. டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) கூடியிருப்பதைப் பார்த்து ‘ஹைப்பர்’ என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். பொதுவாக அது ஹைப்போதைராய்டிசம்! தைராய்டு குறைவாகச் சுரப்பதால்தான் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சைக் கூட்டி அதை உந்துகிறது. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் அளவையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

எல்லா ஹைப்போவும் குறைபாடு அல்ல. ஹைப்போதலாமஸ் மூளையில் தலாமஸுக்குக் கீழே இருக்கும் பகுதி, அவ்வளவுதான்.