வீராவுக்கு மாற்றிய ஏர் ஃபில்டர்: நான்கு ஆண்டு, 58,000 கிலோமீட்டர்

அப்பா 1997-இல் புதிதாக எடுத்த புரோட்டோன் வீரா 1.5 காடி இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மா வீடு. அந்தத் தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் நான் எழுத வந்த விஷயத்துக்கும் நிறையத் தொடர்பு உண்டு.

ஃபில்டரை மாற்றும் ஆசை எனக்கு முதலில் இருக்கவில்லை. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் இரண்டு உடைந்து, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பி போட்டு இறுக்கிக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். பழைய காடிகளை அறுத்து விற்கும் பொட்டோங் கடைகளில் தேடினால், கிடைத்த பெட்டி எல்லாம் வெயிலில் வெந்து, கையில் எடுத்தாலே பொடிந்தது. வழக்கமாகப் போகும் பட்டறை ஃபோர்மன்தான் சொன்னார்: "அண்ணே, இந்தப் பெட்டியத் தேடி அலையாதீங்க. ஓப்பன் பாட் போட்டுருவோம். காத்து நல்லா இழுக்கும், காடி லேசாயிரும்."

ஓப்பன் பாட் என்றால் பெட்டி இல்லாமல் குழாய் நுனியில் திறந்தபடி மாட்டும் ஃபில்டர். அலுமினியக் குழாய், இரண்டு சிலிகான் இணைப்பு, எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி ஃபில்டர் ஒன்று. சாமான் 280 வெள்ளி (ரிங்கிட்), கூலி 50 வெள்ளி. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, ஏர்கோன் போட்டால் வண்டிக்குள் எண்ணெய் வாடை. பானெட்டைத் திறந்து பார்த்தால் எஞ்சின் தலைமேல் ஈரம் படர்ந்து, அதில் புழுதி அப்பிக் கிடந்தது. வால்வு மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வரும். பிஸ்டன் ஓரத்தில் கசிந்து கீழே இறங்கும் புகையையும் எண்ணெய் ஆவியையும் அது மறுபடி காற்றுக்குழாயில் கொண்டுபோய் விடும். எஞ்சின் அதை எரித்துவிடும். புதுக்குழாயில் அதற்கான முனை அளவு ஒத்துவராததால், ரப்பர் குழாயின் வாயில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குட்டி ஃபில்டரை மாட்டிவிட்டிருந்தார்கள். ஆவி எல்லாம் பானெட்டுக்குள்ளேயே பரவியது. சரியான முனை வாங்கிப் போட்டுப் பழையபடி இணைத்ததும் வாடை நின்றது. இந்த வேலையைச் செய்கிறவர்கள் கடையை விட்டுக் கிளம்புமுன் இந்தக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 25 வயதைத் தாண்டிய எஞ்சினில் இந்த ஆவி புது எஞ்சினைவிட அதிகமாகவே வரும்.

முதல் மாத அனுபவம் இனிமையானது, அதை மறைக்க மாட்டேன். நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டினால் எஞ்சின் தடையில்லாமல் ஏறுவது போலிருந்தது. காற்றை உறிஞ்சும் சத்தம் ஆழமாகக் கேட்டது. கம்பெனிக்காரன் பெட்டியோடு சேர்த்து வைக்கும் அறைகள் எல்லாம் அந்தச் சத்தத்தை அடக்கத்தான். அவை போனால் கேட்கத்தான் செய்யும். ஆனால் நம் ஓட்டம் 4,000 சுற்றிலா நடக்கிறது? சுங்கை சிப்புட் கடைவீதியில் இரண்டாவது கியரில் 1,500 சுற்றில் ஊரும்போது, முன்பு இருந்த இழுவை கொஞ்சம் குறைந்திருந்தது. முதலில் மனப்பிரமை என்று தள்ளிவிட்டேன். பெட்ரோல் அடிக்கும்போதெல்லாம் எழுதி வைத்த நோட்டு வேறு மாதிரி சொன்னது. முன்பு லிட்டருக்கு 12.4 கிலோமீட்டர், முதல் ஆறு மாதச் சராசரி 11.9.

அப்புறம்தான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். மீன் தொட்டிக்குப் போடுவதைப் போன்ற, நீண்ட வயர் உள்ள டிஜிட்டல் ஒன்று. வயர் நுனியை ஃபில்டர் ஓரத்தில் கட்டி, திரையை டேஷ்போர்டில் ஒட்டினேன். வெளியே 34 டிகிரி இருந்த ஒரு பிற்பகல், ஈப்போ சாலையில் 80-இல் போகும்போது 41 காட்டியது. சிவப்பு விளக்கில் நின்றதும் எண் ஏறத் தொடங்கியது: 46, 50, 55, 58. ரேடியேட்டர் காற்றாடி சுழலத் தொடங்கினால் இன்னும் ஏறும். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் நெரிசலில் நத்தை போல ஊர்ந்தபோது 63 வரை போனது. இப்படிப்பட்ட குழாய்க்குப் பெயர் கோல்ட் ஏர் இன்டேக், அதாவது குளிர்ந்த காற்றை இழுப்பது. உள்ளே போனதோ அடுப்பங்கரைக் காற்று.

சூடான காற்று விரிந்துவிடும். அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். 34 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 58 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 7 விழுக்காடு குறைவு. புதிதில் சுமார் 90 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சினில் 7 விழுக்காடு என்பது சின்ன விஷயமில்லை. ஃபில்டர் தடையைக் குறைத்துக் கிடைத்த இலாபத்தைச் சூடு தின்றுவிட்டது. கழற்றி எறிந்த கம்பெனிப் பெட்டிக்கு ஒரு மூக்குக்குழாய் இருந்தது. அது ஹெட்லைட்டுக்குப் பின்னால் நீண்டு, வெளிக்காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அதாவது அப்பா காலத்திலேயே வீராவில் குளிர்ந்த காற்றுக்கு வழி இருந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் நான் 330 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறியபோதும் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே போனேன். மேலே எண் இறங்கியது, 29 வரை வந்தது, மனசு குளிர்ந்தது. ஆனால் வண்டி ஏறத் திணறியது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்துவிடும். எந்த ஃபில்டரும் அதை ஈடுகட்டாது.

சூட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். புழுதியைப் பொறுக்க முடியவில்லை. பெரியம்மா தோட்டத்தில் பால்மரங்களை (ரப்பர்) அழித்துச் செம்பனை போட்டுப் பல வருடம் ஆகிறது. குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனால், காய்ந்த நாளில் கண்ணாடிக்கு வெளியே சிவப்பு மேகம்தான். அந்த மேகத்துக்குள் எஞ்சினும் மூச்சு விடுகிறது. 3,000 சுற்றில் முழுக்க மிதித்தால், இந்த 1,468 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்றை விழுங்கும்.

8,000 கிலோமீட்டரில் ஃபில்டரைக் கழுவக் கழற்றினேன். வெளிப்பக்கம் செம்மண் சாந்து பூசியது போலிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அப்பாவின் பழைய வெள்ளைப் பனியன் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்கு உள்ளே, எஞ்சின் பக்கம் போகும் அலுமினியக் குழாயின் சுவரைத் துடைத்தேன். துணியில் மெல்லிய செம்பழுப்புக் கோடு. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. சுத்தமாக இருக்க வேண்டிய பக்கம் அது. அந்த நறநறப்பு சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடம் அப்பா பொத்திப் பொத்தி ஓட்டிய எஞ்சின்.

காரணம் இரண்டு என்று பிறகு புரிந்தது. ஒன்று, ஃபில்டர் வாய்க்கும் குழாய்க்கும் நடுவே இறுக்கும் வளையம் தளர்ந்து, நகக்கண் அளவு இடைவெளி விழுந்திருந்தது. இரண்டு, துணியில் எண்ணெய் காய்ந்துவிட்டிருந்தது. இந்த வகை ஃபில்டரில் புழுதியைப் பிடிப்பதே எண்ணெய்தான். கழுவி, நிழலில் ஒரு முழுநாள் காயவைத்து, மடிப்பு மடிப்பாக அளவோடு எண்ணெய் விட வேண்டும். அதிகம் விட்டாலும் தொல்லை: சூட்டுக்கம்பியால் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் எண்ணெய் அந்தக் கம்பியில் படிந்து கணக்கைக் கெடுத்துவிடும். என் வீரா, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயின் (மானிஃபோல்ட்) அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவதால் அந்த ஆபத்திலிருந்து தப்பியது.

அப்போது ஃபோர்மன் இன்னொரு யோசனை சொன்னார்: "குழாய நீட்டி பம்பருக்குக் கீழ இறக்கிருவோம் அண்ணே, அங்க காத்து ஜில்லுனு இருக்கும்." இருக்கும்தான். ஆனால் மாலை மழை பிடித்தால் எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் கால்மணி நேரத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஃபில்டர் ஒருமுறை தண்ணீருக்குள் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்படி ஆனால் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அடுத்து, அலுமினியத் தகடு வெட்டி ஃபில்டரைச் சுற்றித் தடுப்பு கட்டினேன். ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டி, பானெட்டை மூடினால் இறுக அமரும்படி செய்தேன். அதே பிற்பகல், அதே சிவப்பு விளக்கு: 58 காட்டிய இடத்தில் 47. நல்ல முன்னேற்றம், 40 வெள்ளிக்குள் முடிந்தது. ஓப்பன் பாட்டை விட மனமில்லாதவர்களுக்கு இந்தத் தடுப்பு இல்லாமல் ஓட்ட வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் புழுதிக்கு அது மருந்தில்லை.

மூன்றாவது வருடம், பொட்டோங் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். கேட்டு வைத்திருந்த பெட்டி, நான்கு கிளிப்பும் முழுசாக, 60 வெள்ளி. மூக்குக்குழாயையும் சேர்த்துக் கொடுத்தார். புதுக் காகித ஃபில்டர் 18 வெள்ளிக்கு வாங்கிப் போட்டேன். கிளிப்பை அழுத்தியபோது "டக்"கென்று அமர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தெர்மாமீட்டர் வயரைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தால், சாலையில் 37, சிவப்பு விளக்கில் 43. நோட்டில் சராசரி மறுபடி 12.3-க்கு வந்தது. தாழ்ந்த சுற்றில் இழுவை திரும்பிவிட்டது. மேல் சுற்றில் அந்த உற்சாகம் கொஞ்சம் குறைந்தது உண்மை. சத்தத்தை நினைத்தால் சில நாள் ஏக்கமாகவும் இருக்கும்.

மலிவான பெட்ரோல் கிடைக்கும் நாட்டில் லிட்டருக்கு அரை கிலோமீட்டரைக் கணக்குப் பார்ப்பதா என்று மைத்துனர் கேட்டார். எனக்குப் பெட்ரோல் கணக்கு பெரிதில்லை. இந்த எஞ்சின் இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும்.

அதே காசில் நான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலைகளைப் பிறகுதான் செய்தேன். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ரோட்டில் வாயில் அப்பியிருந்த கரியைத் துடைத்தது, ஸ்பார்க் பிளக் மாற்றியது, வெடித்துப்போன வாக்குவம் குழாய்களை மாற்றியது, எல்லாம் சேர்த்து 150 வெள்ளிகூட ஆகவில்லை. ஐட்லிங் நடுக்கம் நின்றது. ஓப்பன் பாட் கொடுத்ததாக நான் நினைத்த லேசான ஓட்டத்தில் பாதி இதில் கிடைத்தது. பழைய வீரா, சாகா, கன்சில் வைத்திருப்பவர்கள் ஃபில்டர் பக்கம் போவதற்கு முன் இவற்றை முடித்துவிடுங்கள். சாலை முழுக்கத் தார் போட்டிருக்கும் ஊரில், உயர்ந்த சுற்றில் ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு, நல்ல தடுப்போடு போட்ட ஓப்பன் பாட் பிடிக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

காகித ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எடுத்துத் தட்டிப் பார்க்கிறேன். காய்ந்த மாதங்களில் 10,000-க்கே மாற்றிவிடுகிறேன். போன வாரம் தோட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் பெட்டியைத் திறந்து, அதே பனியன் துணியால் எஞ்சின் பக்கக் குழாயைத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது.