கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட்டை நம்பி வீடு வாங்காதீர்கள் (சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு)

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் தோட்ட ஓரமாக நிலத்தோடு பழைய வீடு பார்த்துக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்பா காலமெல்லாம் பால்மரம் வெட்டிச் சேர்த்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் இந்த வீட்டில்தான் போனது.

அந்தச் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதும் புரோக்கரே ஓர் ஆளைக் கூட்டி வந்தார். "அண்ணே, 650 வெள்ளிதான், ரிப்போர்ட் கையில வந்துடும்" என்று அப்பாவிடம் சொன்னார். வந்தவர் ஒரு காலி மினரல் பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசி நிரப்பினார். அதைக் காரின் பின் சீட்டில் போட்டு, காரை வெயிலில் விட்டுவிட்டு, புரோக்கரோடு தே தாரிக் குடிக்கப் போய்விட்டார். கிருமிச் சோதனைக்கு அப்படி எடுக்கவே கூடாது. கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

வந்த ரிப்போர்ட்டில் நிறம், கலங்கல், பிஎச் (அமில-காரத் தன்மை), இரும்பு மட்டும்தான். கீழே "குடிக்க உகந்தது" என்று முத்திரை. ஈ.கோலை (மலத்தில் இருக்கும் கிருமி) என்ற வரியே இல்லை, நைட்ரேட்டும் (கழிவு மண்ணில் மக்கும்போது உண்டாகும் உப்பு) இல்லை. மலக்குழித் தண்ணீர் கிணற்றில் கலக்கிறதா என்று பார்க்க முதலில் சோதிக்க வேண்டியவை அந்த இரண்டும்தான். 100 மில்லி குடிதண்ணீரில் ஓர் ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. நைட்ரேட், அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால், லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

குடிபோன கொஞ்ச நாளிலேயே தங்கச்சி பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்தால் நிற்கும், மறுபடி வரும். தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவு, வாடையே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் அம்மாவிடம், "முன்ன இருந்தவங்க குடிக்கிறதுக்கு டவுன்ல இருந்து தண்ணி கொண்டாருவாங்கம்மா" என்று சொன்னார். விற்றவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

முறையாக மறுபடி சோதித்ததில் ஈ.கோலை இருந்தது, நைட்ரேட்டும் அளவைத் தாண்டியிருந்தது. "புது செப்டிக் டேங்க்" என்று விற்றவர் சொன்னதைத் தேடினோம். பின்புறச் சமையல்கட்டை நீட்டியபோது அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். உடைத்துப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிமெண்டு வளையங்கள், அடியில் வெறும் மண். அது தொட்டியே இல்லை, கழிவு நேராக மண்ணில் இறங்கும் குழி. அங்கிருந்து கிணற்றுக்கு 7 மீட்டர், அதுவும் குழி மேட்டில், கிணறு பள்ளத்தில். அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு, கிணற்றிலிருந்து தொட்டிக்கு 15 மீட்டர், கழிவுநீர் ஊறும் இடத்துக்கு 30 மீட்டர். சுண்ணாம்புக் கல் உள்ள இடத்தில் அந்தத் தூரமும் போதாமல் போகலாம், ஏனென்றால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும்.

"கொதிக்க வைத்தால் போதுமே" என்று புரோக்கர் போனில் சொன்னார். கிருமி சாகும், சரி. நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பால் கலக்கிக் கொடுத்தால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியையே இழக்கலாம். இரும்பு ஃபில்டர் மாட்டினாலும் இந்த இரண்டுக்கும் பயனில்லை.

வீடு பார்க்கப் போனால் தொட்டி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது கழிவு உறிஞ்சினார்கள் என்று ரசீது கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும். மூடி எங்கே என்று தெரியாது என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தண்ணீர் எடுப்பவரை நீங்களே தேடுங்கள், விற்பவர் தரப்பு ஆள் வேண்டவே வேண்டாம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் வீடு, நில உரிமை வழக்கை எடுக்காது. ஆனால் சோதனைக்குக் கொடுத்த காசு சேவைக் கட்டணம் என்பதால், 5 வெள்ளி கட்டி மனு போட்டிருக்கிறோம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். வீட்டு விவகாரத்தை வக்கீலிடம் கொடுத்தாயிற்று. அந்தச் சோதனைக்காரர் இப்போது லிந்தாங், ஜாலோங் பக்கம் இதே ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.