பதிவேட்டைப் பார்ப்பதா, கூடிப் பேசுவதா?

கிராமப்புறக் காசநோய்ப் பணியில், மேற்பார்வையாளர் தனியே பதிவேட்டைச் சரிபார்ப்பது எளிது. விரைவில் முடியும், மலையூர்ப் பணியாளர் ஒரு நாள் வேலையை விட்டு வர வேண்டியதில்லை. ஆனால் ‘மருந்து நிறுத்தம்’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால், நோயாளி வேலைக்குப் போன செங்கல் சூளை இருப்பது அதில் தெரியாது.

பணியாளர்கள் கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசும் கூட்டாய்வில் தெரியும். தான்சானியாவில் காசநோய் மருத்துவர் கரேல் ஸ்டிப்லோ தொடங்கிய வழியில் வளர்ந்த முறை அது. நியூயார்க் நகரம் 1993-இல் ஏற்றுக்கொண்டது. சளியில் கிருமி நீங்கியதா, சிகிச்சை முடிந்ததா, வீட்டுக் குழந்தைகளைப் பரிசோதித்தார்களா என்று ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்கிறார்கள். “அவர் சூளை வேலைக்குப் போய்விட்டார்” என்று செவிலியர் சொன்னால், அந்தப் பகுதிப் பணியாளர் அங்கேயே பொறுப்பேற்கலாம். குற்றம் சாட்டும் கூட்டமாக மாறினால் மட்டும் எல்லோரும் மறைக்கத் தொடங்குவார்கள். பயணப்படி கொடுத்தாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை நடத்தத்தான் வேண்டும்.