கழுத்துல துடிக்குற கட்டிய டிபி நெறின்னு சொல்லி 4 மாசம் மாத்திர குடுத்தாங்க, ரெண்டு தடவ ஊசியும் குத்துனாங்க. குடியாத்தம், வேலூர் சைடு ஆளுங்க தயவுசெஞ்சு படிங்க

பெரிய பதிவுதான், ஆனா முழுசா படிங்க. எங்க அக்காவுக்கு நடந்தத எழுதுறேன். அந்த நர்சிங் ஹோம் பேர இங்க போடல, புகார் குடுத்து விசாரண நடக்குது, இப்ப பேர் போட வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. பேர விட முக்கியம் அவங்க என்ன பண்ணாங்கன்றது, ஏன்னா இதே மாதிரி வேற எங்க வேணாலும் நடக்கலாம்.

அக்காவுக்கு 43 வயசு. குடியாத்தத்துல மாமா தறி வச்சிருக்காரு, கைலி நெய்றது, அக்கா வீட்லயே தறிக்கு நூல் தார் சுத்தும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு கூட்டத்துல நின்னுக்கினு இருக்கும்போது எங்கம்மாதான் மொதல்ல பாத்தாங்க, "இன்னாடி இது, தாடைக்கு கீழ ஒரு பக்கம் வீங்கினு கீது"ன்னு. அக்கா தொட்டுப் பாத்துட்டு வலிக்கலமா, பல்லு சொத்தைக்கு நெறி கட்டியிருக்கும்னு சொல்லிடுச்சு. நாங்களும் விட்டுட்டோம். வலி இல்லாததால ஒரு வருஷத்துக்கு மேல யாரும் கண்டுக்கல, அதுவும் மெதுவா வளந்துக்கினே இருந்துச்சு, புளியங்கொட்ட அளவுல இருந்து ஒரு பெரிய நெல்லிக்கா அளவுக்கு.

போன வருஷம் ஆவணி மாசம்தான் எங்க டவுன் பக்கத்துல இருக்குற அந்த நர்சிங் ஹோமுக்கு மாமா கூட்டினு போனாரு. டாக்டர் கழுத்த ரெண்டு விரலால அமுக்கிப் பாத்தாரு, 2 நிமிஷம் கூட ஆவல, இது டிபி நெறி, கண்டமாலன்னு சொல்வாங்கல்ல அதான், 6 மாசம் மாத்திர சாப்ட்டா கரைஞ்சிடும்னு எழுதிட்டாரு. சளி டெஸ்ட் இல்ல, எக்ஸ்ரே இல்ல, ஸ்கேன் இல்ல. மாத்திர அவங்க மெடிக்கல்லயேதான் வாங்கணும், மாசாமாசம் பில்லு. டிபிக்கு கவர்மென்ட்ல டெஸ்டும் மாத்திரயும் ஃப்ரீன்னு எங்களுக்கு அப்ப தெரியல. தனியார் டாக்டரா இருந்தாலும் டிபின்னு முடிவு பண்ணா அரசாங்கத்துக்கு தெரிவிச்சே ஆவணும், 2012ல இருந்து அது கட்டாயம். பின்னாடி நான் டிபி சென்டர்ல போயி கேட்டப்ப டிபி நோயாளிங்க பேர பதியுற அரசாங்க நிக்ஷய் லிஸ்ட்ல அக்கா பேரே இல்ல. பேர் ஏறியிருந்தா மாசம் 1000 ரூபா சத்துணவுக்கும் வந்திருக்கும்.

4 மாசம் அந்த மாத்திர. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போச்சு, வாய்க்கு எதுவும் புடிக்கல, 7 கிலோ எளச்சிடுச்சு. கட்டி மட்டும் அப்படியே இருந்துச்சு. இந்த இடத்துலதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது, ஏன்னா அக்கா ஒவ்வொரு தடவயும் போயி புதுசு புதுசா ஒண்ணு சொல்லிக்கினுதான் இருந்துச்சு. ராத்திரி அந்தப் பக்கம் காத வச்சு படுத்தா உஸ் உஸ்னு நெஞ்சு துடிக்கிற கணக்கா சத்தம் கேக்குதுன்னு சொல்லுச்சு. சோறு எறங்கும்போது ஒரு எடத்துல தடுக்குதுன்னு சொல்லுச்சு. தலைய அந்தப் பக்கம் திருப்பி தார் சுத்துனா கண்ணு இருட்டினு வருதுன்னு சொல்லுச்சு, ஒரு நாளு ராட்டைலயே சாஞ்சிடுச்சு. போன்ல பேசுனா எனக்கே வித்தியாசம் தெரிஞ்சது, தொண்ட கட்டுன மாதிரி ஒரு கரகரப்பு. இது எல்லாத்துக்கும் அவங்க சொன்ன பதிலு மாத்திர சூடு, மோர் குடிங்க. ஒரு தடவ கூட அந்தக் கட்டி மேல கைய வச்சு அது துடிக்குதான்னு பாக்கல, ஸ்டெதஸ்கோப் வச்சு கேக்கல. அது வெறும் நெறி இல்ல, தலைக்கு ரத்தம் எடுத்துனு போற பெரிய ரத்தக்குழா மேலயே உக்காந்திருந்த கட்டி.

5வது மாசம் ஊசி டெஸ்ட் எடுக்கணும்னாங்க. ஊசி போட்டதும் சிரிஞ்சு முழுக்க ரத்தம். ரத்தம்தான் வருது, சரியா படலன்னு இன்னொரு தடவ குத்துனாங்க. திரும்பவும் ரத்தம். பஞ்ச வச்சு அழுத்தி பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ராத்திரி கழுத்து ஒரு பக்கம் நீலமா வீங்கி அக்காவால வாயத் தொறக்க முடியல, மூச்சு விட பயந்துக்கினு உக்காந்தே விடிய வச்சுது. காலைல போனா, அதெல்லாம் சகஜம் ஐஸ் வைங்க, ரிப்போர்ட்ல வெறும் ரத்தம்தான் வந்திருக்கு, அதனால கட்டிய எடுத்துட்டா நல்லது, மரத்துப் போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல எடுத்துடலாம், 35,000 ஆவும், காப்பீட்டு கார்டு இங்க செல்லாது கேஷ்தான்னு சொல்லி 15,000 அட்வான்ஸ் வாங்கிட்டாங்க. மாமா நூல் வாங்க வச்சிருந்த காச எடுத்துக் கட்டுனாரு.

ஆபரேஷனுக்கு 3 நாள் முன்னாடி பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்திருந்துச்சு, நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது. கழுத்து நீலமா இருக்குறதப் பாத்து தொட்டுச்சு, தொட்ட கைய எடுக்கவே இல்ல. "அத்த, இது துடிக்குது. நெறி துடிக்காது அத்த. ஸ்கேன் பாக்காம கத்தி வைக்க விடாதீங்க"ன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்கு நாங்க என்ன செஞ்சாலும் பத்தாது.

மறுநாளே காட்பாடியில ஒரு ஸ்கேன் சென்டர்ல கழுத்துக்கு டாப்ளர், அதான் ரத்த ஓட்டத்த காட்டுற ஸ்கேன், எடுத்தோம். ஸ்கேன் பண்ண டாக்டரம்மா ஸ்கிரீனத் திருப்பி எனக்கே காமிச்சாங்க. கழுத்துல மேல போற ரத்தக்குழா தாடைக்குக் கீழ ரெண்டா பிரியுது, ஒண்ணு மூளைக்கு, ஒண்ணு மூஞ்சிக்கு. சாதாரணமா அந்த ரெண்டும் ஒட்டுனாப்ல போவும். அக்காவுக்கு உண்டிகோல் கவட்டைக்கு நடுவுல உருண்டக் கல்லு வச்சு ரெண்டு கிளையையும் அகட்டி விட்ட மாதிரி இருந்துச்சு, அந்தக் கல்லு முழுக்க செவப்பும் நீலமுமா ரத்தம் ஓடுது. இத யாரும் ஊசி குத்தலயேன்னு கேட்டாங்க. குத்துனாங்கன்னு சொன்னதும் அவங்க மொகம் மாறிடுச்சு. வேற எங்கயும் போவாதீங்க, நேரா வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரில வாஸ்குலர் சர்ஜரி, அதான் ரத்தக்குழா ஆபரேஷன் பிரிவு, பாருங்கன்னு எழுதிக் குடுத்தாங்க.

அங்கதான் பேர் தெரிஞ்சது. கேரோட்டிட் பாடி டியூமர். எல்லாருக்குமே அந்த ரத்தக்குழா பிரியுற எடத்துல அரிசி அளவு ஒண்ணு இருக்காம், ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோ இருக்குன்னு பாத்து மூச்ச கூட்ட கொறைக்க சொல்றது அதோட வேல. அது எப்பிடி வேல செய்யுதுன்னு கண்டுபுடிச்சதுக்கு 1938க்கான நோபல் பரிசு ஹேமன்ஸ்னு பெல்ஜியம் விஞ்ஞானிக்கு குடுத்திருக்காங்க. அதுல வளர்ற கட்டிதான் இது. பெரும்பாலும் கேன்சர் கெடயாது, ரொம்ப மெதுவா வளரும், அதனாலதான் வருஷக்கணக்கா வலி இல்லாம இருக்கும். ஆனா சுத்தி ஓடுற நரம்புங்கள அமுக்க ஆரம்பிச்சா கொரலு, நாக்கு, முழுங்குறது ஒண்ணொண்ணா அடிபடும்.

டாக்டர் பரிசோதிச்ச விதத்த சொல்லணும், ஏன்னா இத நீங்களும் வீட்ல கவனிக்கலாம். கட்டிய லேசா புடிச்சு முன்னாடி பின்னாடி அசைச்சாரு, அசைஞ்சது. மேல கீழ அசைச்சாரு, அசையல, குழாயோட ஒட்டியிருக்குறதால அது மேல கீழ போவாதாம். அப்புறம் ஸ்டெதஸ்கோப் வச்சு கேட்டாரு, நாக்க நீட்டச் சொல்லி ஒரு பக்கம் கோணுதான்னு பாத்தாரு, என் போன்ல அக்காவோட பழைய போட்டோ இருக்கான்னு கேட்டு கண்ணு இமைய ஒப்பிட்டுப் பாத்தாரு. அந்தப் பக்கத்து இமை கொஞ்சம் எறங்கியிருந்துச்சு, கூடவே இருந்த எங்க யாருக்கும் அது தெரியவே இல்ல. படபடப்பு, திடீர் வேர்வ, மண்டயிடி, பிபி ஏறுறது உண்டான்னும் கேட்டாரு. கொஞ்ச பேருக்கு இந்தக் கட்டி அட்ரினலின் மாதிரி சுரக்குமாம், அது தெரியாம மயக்கம் குடுத்தா ஆபரேஷன் டேபிள்லயே பிபி தாறுமாறா போவுமாம், அதுக்கு மெட்டாநெஃப்ரின்னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க. அக்காவுக்கு அது நார்மல். ரத்தக்குழாய காட்டுற சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன்ல கட்டி 3.8 சென்டிமீட்டர், ஷாம்ப்ளின் 2ன்னு போட்டிருந்துச்சு. குழாய எந்தளவு சுத்தியிருக்குன்றத வச்சு 1, 2, 3ன்னு பிரிப்பாங்க, 3ன்னா முழுசா சுத்திக்கிச்சுன்னு அர்த்தம், குழாயவே வெட்டி வேற குழா வச்சு தைக்க வேண்டியிருக்கும்.

இத அந்த நர்சிங் ஹோம்ல மரத்துப் போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல எடுக்க இருந்தாங்க. ரத்தம் ஏத்துற வசதி கூட அங்க கெடயாது. அக்கா டேபிள்லயே போயிருக்கும், இல்லன்னா பக்கவாதம் வந்திருக்கும். நான் கோவத்துல சொல்லல, டாக்டர் கிட்ட நேரா கேட்டேன், ரெண்டுக்குமே வாய்ப்பு இருந்துச்சுன்னுதான் சொன்னாரு.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுறேன். கழுத்துல நெறி கட்டுனா ஊசி டெஸ்டு தப்பே இல்ல, டிபியோ வேற எதுவோன்னு கண்டுபுடிக்க அதான் சரியான வழி, நம்ம ஊர்ல டிபி நெறியும் நெறைய பேருக்கு இருக்கு, அதுக்கு மாத்திர சாப்ட்டே ஆவணும். என் பதிவப் படிச்சிட்டு யாரும் மாத்திரய நிறுத்திடாதீங்க. தாடைக் கோணத்துக்கு கீழ இருக்குற கட்டி, வலி இல்ல, துடிக்குது, மெதுவா வளருதுன்னா ஊசிக்கு முன்னாடி ஒரு டாப்ளர் எடுங்கன்னு கேளுங்க, கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க. டெஸ்டே இல்லாம டிபின்னு யாராவது மாத்திர எழுதுனாலும், எத வச்சு டிபின்னு சொல்றீங்கன்னு கேளுங்க.

ஆபரேஷன் 5 மணி நேரம் ஆச்சு. நல்லபடியா முடிஞ்சது. ஒரு மாசம் கொரலு சுத்தமா எழும்பல, தண்ணி குடிச்சா பொற ஏறும், தாடைய குனிஞ்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிக்க பழக்கி விட்டாங்க. இப்ப பேசுது, கத்திக் கூப்பிட மட்டும் முடியல. ஊசி குத்துன எடத்துல ரத்தம் உறைஞ்சு ஒட்டிப் போயிருந்ததால பிரிக்க கஷ்டமா இருந்துச்சுன்னு சர்ஜன் சொன்னாரு.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பப் போயி அட்வான்ஸ கேட்டோம். தியேட்டர் புக் பண்ணியாச்சு திரும்பி வராதுன்னாங்க. கேஸ் ஷீட்டு கேட்டோம், தொலஞ்சு போச்சுன்னாங்க. நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல ரெக்கார்டு குடுக்கணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதியிலயே இருக்கு, அத எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனதுக்கு அப்புறம்தான் ரெண்டு பக்கம் வந்துச்சு. அதுல ஊசி ஒரு தடவ போட்டதா மட்டும் எழுதியிருக்கு. மெடிக்கல் பில்லு எல்லாத்தையும் மாமா நூல் கணக்கு நோட்டுல சொருகி வச்சிருந்தாரு, அதுதான் எங்கள காப்பாத்துச்சு. ஜே.டி. ஆபீஸ்ல (சுகாதாரத்துறை இணை இயக்குநர்) புகார் குடுத்திருக்கோம், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போறோம். அந்த மாதிரி 4 மாசம் டெஸ்ட் இல்லாம டிபி மாத்திர வாங்குனவங்க வேற யாராவது இருந்தா பில்லுங்கள தூக்கிப் போடாதீங்க.

சி.எம்.சி.ல கேட்ட இன்னொரு கேள்வியதான் இன்னும் என்னால மறக்க முடியல. அப்பா வழியில யாருக்காவது கழுத்துல கட்டி இருந்துச்சான்னு கேட்டாங்க. பேர்ணாம்பட்டுல எங்க அத்த இருக்காங்க, நைனாவோட அக்கா. 20 வருஷமா கழுத்துல கட்டியோடதான் இருக்காங்க, கண்டமாலன்னு பச்சல அரச்சு பத்து போடுவாங்க, நாங்க சின்னப் புள்ளைங்கள்ல இருந்து பாத்து பாத்து அது எங்களுக்கு பெருசாவே தெரியல. கூட்டினு போயி ஸ்கேன் எடுத்தா ரெண்டு பக்கமும் இருக்கு, அதே கட்டி. அக்காவுக்கு ஜீன் டெஸ்ட்ல எஸ்.டி.எச்.டி.ன்ற ஜீன்ல மாற்றம் இருக்குன்னு வந்திருக்கு. இந்த மாறுன ஜீன் அப்பா கிட்ட இருந்து வந்தாதான் கட்டி வருமாம், அம்மா கிட்ட இருந்து வந்தா பெரும்பாலும் வராது. அக்கா புள்ளைங்களப் பத்தி பெரிய பயம் வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு, எனக்கு இருந்தா, நான் அப்பாங்கறதால என் பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி. அவளுக்கு 8 வயசு. போன வாரம் எனக்கு ரத்தம் எடுத்தாங்க, நாளைக்கு கழுத்து டாப்ளர். அக்கா தானும் வரேன்னு சொல்லுது, காலைல 6 மணி பஸ்ஸுக்கு போறோம்.