ஜீப்ரா மீனா, சுண்டெலியா?

உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு (வாயின் மேற்கூரை ஒட்டாமல் பிளந்திருப்பது) பற்றிய மரபணு ஆய்வில் இறங்குபவர்கள் முதலில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது: மரபணுவை எந்த விலங்கில் சோதிப்பது, மீன் தொட்டி வாங்குவதா, எலிக்கூண்டு வாங்குவதா?

செலவு
மீன்: கையைக் கடிக்காது. நம் கங்கைப் பக்கத்து ஓடை மீன்தானே!
எலி: கூண்டு, தீனி, ஆள் என்று மாதாமாதம் போகும்.

வேகம்
மீன்: ஒரு ஜோடி ஒரே காலையில் நூற்றுக்கு மேல் முட்டையிடும். ஐந்தாம் நாளில் தாடைக் குருத்தெலும்பு தயார்.
எலி: கர்ப்பமே சுமார் 20 நாள், ஈற்றுக்கு ஆறேழு குட்டி.

பார்ப்பது
மீன்: கரு வெளியே, கண்ணாடி மாதிரி வளரும். குருத்தெலும்பில் ஒட்டும் ஆல்சியன் நீலச் சாயம் ஏற்றினால் தாடை நீலக் கம்பியை வளைத்து வைத்தது போலத் தெரியும்.
எலி: எல்லாம் கர்ப்பப்பைக்குள். தாயைக் கொன்றுதான் எடுக்க வேண்டும்.

மனிதனுக்கு நெருக்கம்
இங்கே மீன் தோற்றுவிடும். எலிக்கருவில் நாக்கின் இருபுறமும் தொங்கும் அண்ணத் தட்டுகள் 14ஆம் நாள் வாக்கில் மேலெழுந்து நடுவில் ஒட்டும். நமக்கும் அதே முறைதான். மீனுக்கு அப்படி ஒட்டும் அண்ணம் இல்லை. டிஜிஎஃப் பீட்டா 3 மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் அண்ணப்பிளவோடு பிறந்ததை 1995இல் காட்டினார்கள். ஆனால் உதட்டுப்பிளவு எலியிலும் லேசில் வராது.

சந்தேகப் பட்டியலில் பத்து மரபணுக்கள் இருந்தால், சலித்தெடுக்க மீன். பிளவோடு தொடர்புள்ள ஐஆர்எஃப்6 மரபணு போல ஒன்று உறுதியாகி, அண்ணம் ஏன் ஒட்டவில்லை என்பதுதான் கேள்வி என்றால், செலவைப் பார்க்காமல் எலி.